தலாந்தோ வித்ரிக்குப் பறந்த நாள்

எங்கள் விமானப்படை முகாமில் ஒனேசிம் தலாந்தோவைப் போன்ற பிடிவாதக்காரன் வேறு யாரும் கிடையாது. பட்டாளத்துக்கு வருமுன் ஷாத்தோதனில் சைக்கிள் ரிப்பேர் பார்த்தவன். விமானத்துக்கு மெக்கானிக்காக எடுத்தார்கள். அவனோ ஓட்டியே தீருவேன் என்று நின்றான். அப்போதெல்லாம் பறப்பது அதிகாரிகளின் சொத்து மாதிரி. நச்சரிப்புத் தாங்காமல் கடைசியில் கேப்டன் எர்பெலோ இறங்கி வந்தார்.

"ஒரே தடவைதான். வித்ரி ஊருக்குப் போய் இறங்கிட்டுத் திரும்பி வா. வந்தா நீ விமானி. இல்லைன்னா காலாட்படைக்கு நடையைக் கட்டுடா."

1911 செப்டம்பரில் ஒரு காலை. பிரேக் கிடையாது, எஞ்சின் ஓடத் தொடங்கினால் விமானம் நிற்காது. அதனால் நாங்கள் நாலு பேர் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்போம். விமானி கையைத் தூக்கினால் விட்டுவிட வேண்டும், அதுதான் வழக்கம். அந்த எஞ்சினுக்கு மசகாக ஊற்றுவது விளக்கெண்ணெய்; அது துப்பியது தலாந்தோவின் கண்ணாடியில் அப்பியது. துடைக்கக் கையைத் தூக்கினான். நாங்கள் விட்டுவிட்டோம். வரைபடத்தைக் கொடுக்க வந்த லெப்டினன்ட் அதை நீட்டியபடியே பின்னால் ஓடினார். அவன் மரங்களுக்கு மேலே போயிருந்தான்.

"முட்டாப் பசங்களா," என்றார் கேப்டன். சரியாகத்தான் சொன்னார்.

பிறகு நடந்ததை அவன் வாயாலேயே கேட்டோம். ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே போனவன், சாலோன் ஊரில் அது பிரியும் இடத்தில் தப்பான கிளையில் போய்விட்டான். கூடவே வர வேண்டிய மார்ன் ஆற்றைக் காணோம். ஒரு பீட்ரூட் வயலில் இறங்கி, எஞ்சினை நிறுத்தி, அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண்களிடம் வழி கேட்டான். வழி கிடைத்தது. வால் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

"அக்கா, நான் கையைத் தூக்குற வரைக்கும் இதைப் பிடிச்சுக்கங்க."

"ஏம்பா, உங்க பட்டாளத்துல ஆம்பளைங்களே இல்லையா?"

"இருந்தானுங்க. அவசரப்பட்டு விட்டுட்டானுங்க."

அந்தப் பெண்கள் மரக்காலணிகளை மண்ணில் ஊன்றி நின்றார்களாம். கண் எரிந்தும் அவன் முகத்தைத் துடைக்கவில்லை. சரியாக உட்கார்ந்த பிறகே கையைத் தூக்கினான்.

வித்ரியில் இறங்கி, மதியத்துக்குள் திரும்பிவிட்டான். நாங்கள் தொப்பிகளை வீசினோம். கேப்டன் அசையவில்லை.

"வரைபடம் இல்லாம போனது கணக்குல வராது. அதுதான் விதி."

தப்பு எங்களுடையது. "கேப்டன், நாங்கதான் முன்னாடியே..." என்று ஆரம்பித்தேன். தலாந்தோ என் பக்கம் திரும்பவே இல்லை.

"விதி சரிதான், கேப்டன். பெட்ரோல் ஊத்தச் சொல்லட்டுமா?"

"இப்பவா? காத்தைப் பாருடா. உனக்குக் குடுத்தது ஒரே தடவை."

"காலையில போனது கணக்குல வராதுன்னா, அந்த ஒரு தடவை இன்னும் பாக்கி இருக்கே."

கேப்டன் வரைபடத்தைத் தாமே மடித்து அவன் கோட்டுப் பையில் திணித்தார். இந்த முறை நாங்கள் வாலை விட்டது அவன் இரண்டு தரம் கையை ஆட்டிய பிறகுதான்.

பொழுது சாயும் நேரம் காற்றில் தள்ளாடி வந்து இறங்கினான். ஒரு சக்கரம் கோணிப்போயிருந்தது. கேப்டன் கிட்டே போய் வரைபடத்தைக் கேட்டார். மடிப்புக் கலையாமல் வந்தது.

"பிரிச்சுக்கூடப் பார்க்கலையா?"

"காலையிலேயே வழி கேட்டுட்டேனே, கேப்டன்."

கேப்டன் அவனுக்குக் கை கொடுத்தார்.

"இறங்கி வாங்க, விமானி."