வெள்ளைத் தறப்பாள்

“பனிக்கட்டியைப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறாய்?” என்று சித்தப்பா ஒருமுறை சிரித்தார். இன்று கடையில் புதுத் தறப்பாளின் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும், நான் வெறுக்கும் அந்த மலை நினைவில் எழுந்து நின்றது.

மியூனிக்குக்குத் தெற்கே, வசந்தந்தோறும் அப்பாவும் சித்தப்பாவும் கூலிக்குப் பனியாற்றின்மேல் வெள்ளைத் தறப்பாள்களை இழுத்துக் கட்டுவார்கள். கயிறு அறுத்த விரல்களுக்கு அம்மா நல்லெண்ணெய் தடவுவாள். பனியாற்றைக் காக்கிறார்கள் என்று பள்ளியில் பெருமையடித்தேன். இலையுதிர்காலத்தில் தறப்பாளை உருவியதும், மிஞ்சிய பனியை இயந்திரங்கள் வழித்துச் சறுக்குப்பாதை போட்டன.

“காக்கவோ? உந்த உல்லாசப் பயணியள் சறுக்கத்தான் மூடினனாங்கள், பிள்ளை,” என்றார் அப்பா.

இப்போது அங்கே வெறுங்கல். அடுத்த பனிச்சரிவில் புது லிஃப்ட் போடச் சறுக்கு நிறுவனத்தார் அனுமதி கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். என் பனி அளவீடுகளை இணைத்து, ஆட்சேப மனுவைக் காலையிலேயே கொடுத்துவிட்டேன்.