சாம்பார் ஸ்லாட் ஃபுல்

என் மனைவி ஷ்யாமளாவுக்கு யார் முகத்துக்கு நேராகவும் வேண்டாம் என்று சொல்ல வராது. அதையெல்லாம் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடுவாள். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் காப்பெல் ஊர்த் தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் விருந்துக்கு யார் என்ன சமைத்து வருவது என்று பதியும் வெப்சைட் அவள் எழுதியது. அதில் சாம்பாருக்குப் புஷ்பவல்லி ஆன்ட்டி தன் பெயரைத் தட்டினால் மட்டும் "சாம்பார் ஸ்லாட் ஃபுல்" என்று வரும். வேறு யாருமே பதியாதபோதும் வரும். பாவம், அவரும் வருஷா வருஷம் ரசத்தோடு வந்து நிற்பார்.

இது எனக்கே தெரியாது. ஊருக்கு எப்போது தெரிந்ததோ அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

பழைய சர்வர் படுத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை ஷ்யாமளா புது லினக்ஸ் சர்வரில் எல்லாவற்றையும் ஏற்றினாள். வெப் சர்வரான அப்பாச்சி ஓடியது. அவள் நிரல் எழுதியிருந்த மொழியான பிஎச்பியும் வெர்ஷன் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொன்னது. தனித்தனியாக இரண்டும் நலம் என்ற தைரியத்தில், பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போட்டுவிட்டுக் காபி கலக்கப் போனாள். இரண்டையும் இணைக்கும் மாட்யூலைப் போட மறந்திருந்தாள். அது இல்லாவிட்டால் அப்பாச்சி நிரலை ஓட்டாது. உள்ளே எழுதியிருப்பதை வந்தவர்களுக்கெல்லாம் அப்படியே எடுத்துக் காட்டிவிடும்.

காட்டியது. நட்டநடுவில் அவள் தனக்காக எழுதிவைத்த குறிப்பும் இருந்தது: "புஷ்பவல்லி ஆன்ட்டிக்கு எப்பவும் ஃபுல்னு காட்டணும். அவங்க சாம்பார்ல புளிப்பு தாங்க முடியல."

லிங்க்கைத் திறந்து பார்த்த நான் போனை நீட்டியதும் ஷ்யாமளா ஓடிப்போய் மாட்யூலைப் போட்டு, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினாள். பக்கம் சரியானது. அதற்குள் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் சுற்றிக்கொண்டிருந்தது.

"சரியாயிடுச்சே, விடு," என்றேன்.

அவள் அழுதேவிட்டாள். எங்கள் மகன் பிரணவன் பிறந்தபோது அவள் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. தினமும் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து, குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுப் போனவர் ஆன்ட்டிதான்.

"இனிமே அவங்க நம்ம வீட்டுப் படி ஏறமாட்டாங்க," என்றாள்.

மத்தியானமே ஏறினார். உட்காரவில்லை.

"புளிப்பு மட்டும்தான் ப்ராப்ளமா?"

இந்த இடத்தில் ஷ்யாமளா வழக்கமாக ஏதாவது சொல்லி மழுப்புவாள். அன்று, "உப்பும் ஜாஸ்தி, ஆன்ட்டி," என்றாள்.

ஆன்ட்டி சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நீ நேரா சொல்லிட்ட. நானும் சொல்லிடறேன். பொங்கல் ஃபங்ஷன்ல சவுண்ட் சிஸ்டம் பாத்துக்கறது நான்தானே? நீ பாடறப்ப மட்டும் மைக் மக்கர் பண்ணுதே, அது மைக் தப்பில்லம்மா. வால்யூம நான்தான் இறக்கிடுவேன்."

ஷ்யாமளாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அவ்ளோ மோசமாவா பாடறேன்?" என்றாள்.

"என் சாம்பார் அளவுக்கு."

அதற்குப் பிறகு மூவருமே கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஷ்யாமளா லேப்டாப்பை இழுத்து அந்த வரியை அழிக்கப் போனாள். ஆன்ட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது அப்படியே இருக்கட்டும். நானும் வால்யூம ஏத்தப் போறதில்ல."