ரசமும் தண்ணீர்க் கணக்கில்தான்

சிறுநீரகம் ஒரு ஃபில்டர். அடைத்துக்கொண்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன். இதை வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

எனக்குத் தொழில் தண்ணீர் கேன். செங்கம் சாலையில் சிறிய பிளாண்ட் வைத்து, விடுதிகளுக்கும் கடைகளுக்கும் கேன் போடுகிறேன். மணல் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் தண்ணீரை எதிர்த்திசையில் வேகமாக விடுவோம். அழுக்கெல்லாம் கலங்கி வெளியே வந்துவிடும். பேக்வாஷ் என்போம். வருடக்கணக்காக இதையே செய்கிற ஒருவனிடம், "கிட்னிதாங்க உடம்புக்கு ஃபில்டர்" என்று ரத்தப் பரிசோதனை நிலையத்தில் யாரோ சொன்னால் அவன் வேறு என்ன செய்வான்?

நோயாளி என் மாமா. அம்மாவின் தம்பி. அவர் பெண் கலாவை நான் கட்டிக்கொண்டதால் மாமனாரும் அவரே. எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி வீடு; நானும் கலாவும் அங்கேதான். வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு பசுவையும் என்னையும் மேய்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் காட்டிக்கொடுத்தது செருப்புதான். காலையில் நுழைந்த செருப்பு சாயங்காலம் நுழையவில்லை. பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் இது கூடினால் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்று பொருள்) பல மடங்கு கூடியிருந்தது. சிறுநீரக மருத்துவர் வெளியூரிலிருந்து வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா என்று நான் பேக்வாஷை ஆரம்பித்தேன். அரை மணிக்கு ஒரு சொம்பு.

"டேய், நான் என்ன உன் கேனாடா?"

"குடி மாமா. உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் வெளிய வந்துடும்."

வெளியே வருவதை அளக்க என்னிடம் கருவியும் இருந்தது. டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது). மாமாவின் சிறுநீரை ஒரு டம்ளரில் பிடித்து அதை உள்ளே விட்டேன். எண் என்ன வந்தது என்று பார்ப்பதற்குள் கலா வந்துவிட்டாள். அந்த டம்ளர் எந்த டம்ளர் என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. அந்த மீட்டரை அதன்பின் பிளாண்டில் பயன்படுத்தவில்லை என்பதை என் வாடிக்கையாளர்களுக்கு இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

மருத்துவர் வரும் நாளுக்குள் மாமாவால் மல்லாந்து படுக்க முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, நீரை இறக்கும் ஊசி போட்டார்கள். மறுநாள் அந்தச் சிறுநீரக மருத்துவர் அம்மா வந்தார்.

"எவ்ளோ தண்ணி குடிச்சாரு?"

சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"யார் குடுக்கச் சொன்னது?"

"நானாதாங்க. ஃபில்டர் அடைச்சிருக்குன்னு."

"அடைக்கலைங்க. தேய்ஞ்சே போயிடுச்சு. உள்ள ஊத்துறது வெளிய வர வழியில்ல."

பிறகு இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது). ஒரு தடவையோடு முடிவதில்லை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இருக்கிறவரைக்கும். இன்னொன்று, டயாலிசிஸ் இல்லாத பராமரிப்பு (மருந்து, உணவு, நீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றால் வீக்கம், அரிப்பு, மூச்சுத்திணறலைக் குறைத்து, இருக்கும் நாளைச் சிரமமில்லாமல் வைக்கப் பார்ப்பது). மாமாவுக்கு இதயமும் பலவீனம் என்பதால், டயாலிசிஸ் செய்தாலும் எவ்வளவு காலம் கூடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

"ரெண்டாவதுன்னா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு அர்த்தமா டாக்டர்?"

"இல்லைங்க. மாசாமாசம் கூட்டிட்டு வாங்கன்னு அர்த்தம். வைத்தியம் பண்ணிக்கிட்டேதான் இருப்போம்."

"நீங்களே ஒண்ணு சொல்லிடுங்களேன். உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க?"

"எங்கப்பா வேற ஆளு. இவருக்கு என்ன வேணும்னு இவரைக் கேட்டீங்களா?"

அதுவரை கேட்கவில்லை. அப்போதுதான் கேட்டோம். மாமா மின்விசிறியைப் பார்த்தபடி, "பௌர்ணமி போவட்டும்" என்றார்.

பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தில் எல்லா வேலையும் நின்றுபோகும் இந்த ஊரில் வாழ்கிறவர்களுக்கு இந்த வாக்கியத்தின் கொடுமை தெரியும். குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டால் பௌர்ணமி போகட்டும். கல்யாணப் பேச்சென்றால் பௌர்ணமி போகட்டும். கேன் கேட்பவர்களிடம் நானும் அதையேதான் சொல்கிறேன். பௌர்ணமி போகும். அடுத்தது வரும். அப்படி மூன்று போயின. கிரியேட்டினின் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

சொந்தக்காரர்களும் காத்திருக்கவில்லை. ஆரணியிலிருந்து பெரிய மச்சான், "டயாலிசிஸ் ஆரம்பிச்சா விடவே முடியாது, தொடாதே" என்றார். வேலூரிலிருந்து சின்ன மச்சான், "பெத்த புள்ளைங்க நாங்க இருக்கும்போது நீ எப்படி வைத்தியம் வேணாம்னு சொல்லலாம்" என்றான். நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. இருவரும் போனில்தான் இருந்தார்கள். மாமாவின் வீங்கிய காலை விரலால் அழுத்தி, பள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மருத்துவர் சொன்னதால் டயாலிசிஸ் அறைக்குப் போனோம். வரிசையாகக் கட்டில்கள், பக்கத்தில் இயந்திரங்கள். என் கண் போனது பின்கட்டில் இருந்த தண்ணீர் சுத்திகரிப்பு பிளாண்டுக்கு. எந்த மெம்பிரேன் (தண்ணீரை வடிகட்டும் சவ்வு), எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று அங்கிருந்த டெக்னீஷியனை நான் குடைந்துகொண்டிருந்தேன். பயம் வந்தால் எனக்குத் தொழில் பேச்சு வந்துவிடும்.

திரும்பி வந்தபோது மாமா ஒரு கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். படுத்திருந்தவர் என் வயதுக்காரர், பள்ளி ஆசிரியர்.

"வீட்டுக்குப் போனதும் என்னா பண்ணுவீங்க?" என்று மாமா கேட்டார்.

"அன்னிக்குப் படுத்துடுவேங்க. மறுநாள் ஸ்கூலுக்குப் போவேன். பொண்ணு காலேஜ்ல இருக்கு. ஏழு நாளும் வரச் சொன்னாலும் வருவேன்."

மாமா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த மனிதருக்கு அதுதான் சரி. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் அதுவே சரியாக இருக்கலாம். எங்கள் கதையைப் படித்துவிட்டு யாரும் இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் மாமா, "வேணாம்டா மாப்ள" என்றார்.

"ஏன்?"

"அந்த ரூம்ல ஏசி ஜாஸ்தி."

எனக்கு வந்த எரிச்சலை எழுத முடியாது. மூன்று பௌர்ணமி காத்திருந்தவனுக்கு, இரண்டு மச்சான்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டாமா? கம்பளி வாங்கித் தருகிறேன் என்றேன். சிரித்தார். நான் கத்தினேன்.

"செத்துப் போறேன்றியா?"

"எல்லாரும் போறதுதான். எனக்கு மட்டும் ஸ்பெஷல் பஸ்ஸா வுட்டிருக்காங்க?"

மருத்துவரிடம் அதே காரணத்தை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குளிர் தாங்காது என்பதும் காரணம்தான் என்று சொல்லி, மருந்துகளை எழுதினார். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம், கொஞ்ச நாள் டயாலிசிஸ் செய்து பார்த்துவிட்டு நிறுத்தவும் செய்யலாம் என்றார். இதை யாராவது எங்களுக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது.

அதன்பின் வீட்டில் நடந்ததுதான் வைத்தியம். ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் நீர். காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள். காய்கறியை நறுக்கி, கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும் (பொட்டாசியம் என்ற உப்பு குறைவதற்காக, அது மிஞ்சினால் இதயம் நின்றுவிடும்). இளநீர் கூடாது. ரத்தம் ஊற ஊசி, அரிப்புக்கு மாத்திரை, காலையில் எடை. நாளெல்லாம் ஊருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் ஒரு மனிதனிடம், "ரசமும் தண்ணி கணக்குதான் மாமா" என்று டம்ளரைப் பிடுங்குவேன்.

மாமா நல்ல நோயாளி இல்லை. ஊறுகாய் திருடுவார். பௌர்ணமி அன்று வாசலில் என் கேன்களை அடுக்கி, கிரிவலம் போகிறவர்களுக்கு இலவசமாக ஊற்றிக்கொடுப்பார். நாலு பேருக்குக் கொடுத்தால் ஒரு வாய் தனக்கு. நான் பார்த்துவிட்டால், "தீர்த்தம்டா" என்பார். மறுநாள் எடை மிஷின் காட்டிக்கொடுக்கும்.

ஒரு மதியம் மறுபடி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த இளம் மருத்துவர், ஊசி போட்டிருக்கிறோம், கேட்காவிட்டால் அவசர டயாலிசிஸ் செய்யலாம், கையெழுத்துப் போடுகிறீர்களா என்றார். மாதக்கணக்காக நான் கற்றுக்கொண்ட எல்லாம் பறந்துவிட்டது. பேனாவை வாங்கிவிட்டேன். ஏசி, ஸ்பெஷல் பஸ் எல்லாம் வெறும் பேச்சு, உயிர் போகிறபோது அதெல்லாம் யார் பார்ப்பது என்று தோன்றியது.

கலா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏங்க, அவரு முழிச்சிட்டுதான் இருக்காரு. அவரைக் கேளுங்க."

குனிந்து கேட்டேன். "மாமா, மிஷின் வெக்கட்டுமா?"

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து பதில் வர நேரமானது. "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?"

"காட்டிட்டேன். மிஷின் வெக்கட்டுமா?"

தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தெளிவாக, இரண்டு முறை. நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். நீட்டும்போது அது கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் போனவன் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். சாயங்காலத்துக்குள் ஊசி வேலை செய்தது. வீட்டுக்கு வந்தோம்.

இப்போது எனக்குத் தண்ணீரின் சத்தம் வேறாகக் கேட்கிறது. கேன் நிரம்பும்போது எத்தனை டம்ளர் என்று மனம் எண்ணுகிறது. குளித்துவிட்டு என் பாதத்தை அழுத்திப் பார்க்கிறேன். பௌர்ணமி போகட்டும் என்று யாரிடமும் சொல்ல வாய் வருவதில்லை.

மாமா ஒருமுறைகூட டயாலிசிஸ் செய்துகொள்ளவில்லை. அந்த மதியத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு பௌர்ணமிக்கு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினார். அதற்கடுத்த வாரம் ஒரு காலையில், வீட்டில், தூக்கத்திலேயே மயக்கமாகி இறந்தார். கலா பக்கத்தில் இருந்தாள். நான் பிளாண்டில் கேன் நிரப்பிக்கொண்டிருந்தேன்.