அப்பாவை மாற்றித் தரக் கேட்ட மனு

ரங்கூனில் பந்து என்று சொன்னால் அது கால்பந்துதான். ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருக்க, தாகேதா பகுதியில் எங்கள் தெருவும் அதை ஒட்டிய மூன்று தெருக்களும் மட்டும் ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்தன. ரயில்வேயில் வேலை பார்த்த முன்னோர்கள் ஆரம்பித்து வைத்தது என்பார்கள். ஏன் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நிறுத்தவும் யாருக்கும் மனம் வரவில்லை. குளிர்காலம் வந்தால் கோயிலுக்குப் பின்னால் இருந்த மண் மைதானத்தில் போட்டி நடக்கும். தெருவுக்கு ஓர் அணி, அணிக்கு ஏழு பேர், ஜெயிக்கிறவர்களுக்கு ஒரு பித்தளைக் கோப்பை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கோப்பை பாலத்தடித் தெருக்காரர்களிடம்தான் இருந்தது. நன்றாக ஆடுகிறவன் எந்தத் தெருவில் பிறந்தாலும் கடைசியில் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுவான். எங்களுக்கு மிஞ்சியது கத்துவது மட்டுமே.

கத்துவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. அதிலும் எங்கள் வீட்டை. அம்மா கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்தைப் பூசி, தமேன் கைலியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்து ஓரத்தில் வந்து நின்றால், நடுவர் எதிர்ப்பக்கமாகவே ஓடுவார். அம்மாவின் தம்பிதான் எங்கள் அணிக்கு மேனேஜர். மாமா டாக்சி ஓட்டுகிறவர். தோற்று வருகிற ஒவ்வொரு வருடமும் அம்மா அவருக்கு ஒரு வாரம் குழம்பில் மீன் போடமாட்டாள்.

எனக்குப் பத்து வயதான வருடத்தில் சிம் கார்டு விலை திடீரென்று இறங்கியது. மாமா ஒரு கைபேசி வாங்கினார். அதில் அவர் பார்த்த ஒரு படம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஏதோ ஒரு குளிர்நாட்டில், பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கிக்கு ஆள் எடுக்கிறார்கள். பெரிய மண்டபம். அணிகளின் மேனேஜர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, தாங்கள் எடுக்கும் ஆட்டக்காரனின் பெயரைச் சொல்கிறார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் ரசிகர்களில் சிலர் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். சிலர் தலையில் கைவைத்து அழுகிறார்கள்.

“ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கல. பேரைச் சொன்னதுக்கே அழறாங்க பாருங்க!” என்று தெருவில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி மாமா காட்டினார். அழுகிறவர்களைப் பார்த்து அவருக்கு அவ்வளவு மரியாதை.

இங்கேயும் அப்படியே செய்யலாம் என்று கோயில் கமிட்டியிடம் போய் நின்றார். எல்லா ஆட்டக்காரர்களின் பெயரும் ஒரே பட்டியலில் இருக்கும். நான்கு மேனேஜர்களும் முறை வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். யார் முதலில் என்பதற்குச் சீட்டு. பாலத்தடிக்காரர்கள் இது அநியாயம் என்றார்கள். அதைக் கேட்டதுமே மற்ற மூன்று தெருக்களும் இதுதான் நியாயம் என்று முடிவு செய்துவிட்டன.

சீட்டுக் குலுக்கியதில் முதல் முறை எங்களுக்கு விழுந்தது. அன்று எங்கள் தெருவில் கோப்பையையே ஜெயித்தது போல இருந்தது. முதலில் கூப்பிடலாம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதில் கேள்வியே கிடையாது. கோ தெட் என்று ஒரு பர்மிய அண்ணன் இருந்தார். போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை ஏற்றுகிறவர். எங்கள் தெருப் பையன்களோடு ஆடி ஆடியே தமிழ் கற்றுக்கொண்டவர். மட்டையில் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு போவது போலப் போவார். போன வருடம் பாலத்தடி போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவருடையவை. டீக்கடை பாய் அவருடைய பெயரை எழுதி, பெயருக்குக் கீழே எங்கள் தெருவின் பெயரையும் எழுதி, கல்லாவுக்கு மேலே முன்கூட்டியே ஒட்டிவிட்டார். பாய்தான் எங்கள் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. அவரிடம் நாற்காலிகள் இருந்தன.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். போட்டாதாங்கில் ஒரு பருப்புக் கிடங்கில் பதினாறு வருடம் கணக்கராக இருந்தார். முதலாளி கிடங்கை மூடிவிட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதமாக அப்பா வீட்டில் இருந்தார். இருந்தார் என்பதைத் தவிர வேறு எதையும் செய்யவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கேட்டதற்கு “ம்” என்பார். அம்மாவின் தையல் மிஷின் சத்தம்தான் வீட்டில் பேச்சு. ஒரு காலத்தில் அப்பா எங்கள் தெருவுக்குக் கோல்கீப்பராக நின்றவர் என்று சொல்வார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த எல்லாவற்றையும் போல அதையும் நான் பாதிதான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் கூட்டம். அம்மா எல்லாருக்கும் சர்பத் கரைத்திருந்தாள். அந்த அண்டாவைத் தூக்க ஆள் இல்லை என்று சொல்லி அப்பாவைக் கிளப்பிக் கூட்டிவந்தாள். அவர் பின்வரிசைக்கும் பின்னால் நின்று, யாரையும் பார்க்காமல், டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோ தெட் முன்வரிசையில் தலையைப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

மாமா மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். கோ தெட் பாதி எழுந்துவிட்டார்.

மாமா என் அப்பாவின் பெயரைச் சொன்னார்.

கோ தெட் எழுந்ததே அதற்குத்தான் என்பது போல லுங்கி முடிச்சை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அப்பா கரண்டியும் கையுமாகத் திரும்பி, தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

“இல்ல! இல்ல மாமா! தப்பு! மாத்திச் சொல்லுங்க!”

அந்தக் குரல் என்னுடையது.

அதன்பிறகு மண்டபமே எழுந்துவிட்டது. பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். “என்னா தம்பி இது? கோல்கீப்பரைப் போயி மொதல்ல எடுப்பாங்களா? அதுவும் பத்து வருஷமா மட்டையே தொடாத மனுசனை!” பக்கத்து வீட்டு டோ மியா மட்டும் “யா பா தே, யா பா தே” என்று பர்மிய மொழியில் எல்லாரையும் சமாதானப்படுத்தினாள். பரவாயில்லை, பரவாயில்லை. பாலத்தடிக்காரர்கள் அடுத்த நொடியே கோ தெட்டைக் கூப்பிட்டு, அவரை இடுப்போடு தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மாமா கைபேசியில் காட்டியது அத்தனையும் எங்கள் மண்டபத்திலேயே நடந்தது. கட்டிப்பிடித்தவர்கள் அந்தப் பக்கம். தலையில் கைவைத்தவர்கள் இந்தப் பக்கம். அழுதது நான்.

ஆச்சரியம் என்னவென்றால், நடுவர்களை ஓட ஓட விரட்டுகிற அம்மா வாயே திறக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே மெதுவாக நடந்துபோய் மாமாவின் பக்கத்தில் நின்றார்.

அந்த வாரம் மாமாவுக்குச் சோதனை. பாய் கடையில் அவருக்கு வந்த டீயில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. டாக்சியின் பின்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் ‘கோ தெட்’ என்று எழுதியிருந்தார்கள். நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். அதோடு விடவில்லை. கோயில் தமிழ் வகுப்பில் மனு எழுதச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, முதலில் எடுத்த ஆளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோ தெட்டை வாங்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்வதாக எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். பாய் முதல் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார். டோ மியாகூட, என்ன ஏது என்று கேட்காமல், பர்மிய எழுத்தில் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் மனு அப்பாவின் கையில் இருந்தது. என் நோட்டுக்குள்ளிருந்து விழுந்திருக்க வேண்டும். அவர் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். கணக்கர் அல்லவா.

“நியாயமாத்தான் எழுதியிருக்க,” என்றார். எட்டு மாதத்தில் அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது. “ஆனா ‘தாழ்மை’க்கு இந்த ‘ள’ இல்லம்மா.”

என் பேனாவை வாங்கி எழுத்தைத் திருத்தினார். பிறகு, கடைசிப் பெயருக்குக் கீழே, தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார்.

மாமாவிடம் மனுவை நீட்டினேன். படித்தவர், கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றார்.

“ஆளை மாத்தறதுக்குச் சட்டத்துல இடமில்ல.”

“என்ன சட்டம்?”

“போன வாரம் நான் போட்ட சட்டம்,” என்று சொல்லி, மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் அப்பா பயிற்சிக்காக மைதானத்துக்குக் கிளம்பினார். அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தாள். பழைய மெத்தைப் பஞ்சை அரிசிச் சாக்கில் அடைத்துத் தைத்த கால் காப்புகள். வார்கள்கூட வைத்துத் தைத்திருந்தாள். அவற்றைக் கட்டிக்கொண்டு அப்பா நடந்தபோது இரண்டு அரிசி மூட்டைகள் தாமாகவே சந்தைக்குப் போவது போல இருந்தது. தெரு முழுக்கச் சிரித்தது. அப்பாவும் குனிந்து தன்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

முதல் ஆட்டத்தில் நாங்கள் மூச்சு விடுவதற்குள் இரண்டு கோல் வாங்கினோம். இரண்டாவதில் பந்து அப்பாவின் கால்களுக்கு நடுவே போனது. “கோ தெட்! கோ தெட்!” என்று எங்கள் ஆட்களே கத்தினார்கள். நானும் கத்தினேன் என்பதை மறைக்க முடியாது. அப்போதுதான் அது நடந்தது. அப்பா வாயைத் திறந்தார்.

“இடப்பக்கம் பாருடா! ஆளை விடாதே! பந்தைப் பாக்காதே, அவன் இடுப்பைப் பாரு!”

பர்மியப் பையன்களுக்குப் பர்மிய மொழியில், தமிழ்ப் பையன்களுக்குத் தமிழில். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்டது. எட்டு மாதம் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மதியத்தில் செலவழிக்கிறவர் மாதிரி அவர் பேசினார். எங்கள் பின்வரிசைப் பையன்களுக்கு அதுவரை யாரும் எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னதே இல்லை. சொன்ன இடத்தில் நின்றார்கள். அதற்குமேல் கோல் விழவில்லை. ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் பாய் அன்று மாமாவின் டீயில் பால் சேர்த்தார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்தோம். சர்க்கரையும் சேர்ந்தது.

கடைசி ஆட்டம் பாலத்தடியோடு. ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. அவர்களுக்கோ தோற்காமல் இருந்தால் போதும். ஆட்டம் முழுவதும் பந்து எங்கள் பக்கத்திலேயே கிடந்தது. அப்பா விழுந்தார், எழுந்தார், தோளில் வாங்கினார், காப்பில் வாங்கினார். சாக்கு கிழிந்து பஞ்சு பறந்தது. நேரம் முடியப்போகும்போது கோ தெட் எங்கள் ஆட்கள் மூன்று பேரைத் தாண்டித் தனியாக வந்தார். எதிரே அப்பா மட்டும்தான். அப்பா கோலை விட்டு வெளியே ஓடி வந்தார். இரண்டு அரிசி மூட்டைகளோடு ஒரு மனிதன் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, கோ தெட் உட்பட. பந்து அப்பாவின் வயிற்றில் பட்டுத் தெறித்து வெளியே போனது. விசில் ஊதினார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை.

கோப்பை வழக்கம்போலப் பாலத்தடிக்குப் போனது. ஆனால் எங்கள் தெரு குதித்த குதியைப் பார்த்து, கோப்பையோடு நின்றவர்கள் கணக்கு ஏதாவது தவறிவிட்டதா என்று கமிட்டியிடம் போய் விசாரித்தார்கள். பாய் அப்பாவைத் தோளில் தூக்கினார். பாய் ஒல்லி, அப்பா கனம். இருவரும் சேர்ந்து சாய்ந்தார்கள். கீழே கிடந்தபடியே சிரித்தார்கள். கோ தெட் வந்து கைகொடுத்து அப்பாவை எழுப்பினார்.

“ஊலே,” என்றார், மாமா என்று கூப்பிடுகிற பர்மிய வழக்கப்படி. “அடுத்த வருஷம் என்னை ஒங்க பக்கம் எடுக்கச் சொல்லுங்க.”

“மொதல்ல கூப்பிட மாட்டாங்க, பரவாயில்லையா?” என்றார் அப்பா.

நான் தொண்டை கட்டும்வரை அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பெற்ற அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு அன்று ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அடுத்த வாரம் அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போட்டாதாங் பஸ்ஸில் ஏறினார். படகுத்துறைக் கிடங்கு ஒன்றில் ஆள் கேட்கிறார்கள் என்று கோ தெட் சொல்லியிருந்தார்.

இப்போது நான் ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் மாமாவின் டாக்சியில் வீட்டுக்கு வரும்போது, இத்தனை வருடம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். கோ தெட்டை முதலில் எடுத்துக்கொண்டு அப்பாவைக் கடைசிச் சுற்றில் கூப்பிட்டிருக்கலாமே. வேறு எந்தத் தெருவும் அவரை எடுத்திருக்காதே. இரண்டு பேருமே நமக்குக் கிடைத்திருப்பார்களே. கோப்பையும் கிடைத்திருக்குமே.

மாமா சிரித்தார். “இதையேதான் நானும் உங்கம்மாகிட்ட சொன்னேன். கால்ல விழாத குறையாச் சொன்னேன். பட்டியல்ல அவரு பேரை எழுதினதே அக்காதான்.”

“அம்மா என்ன சொன்னா?”

“‘மத்தவங்க எல்லாம் எடுத்து முடிச்ச பெறகு மிச்சமா நின்னா, அண்டாவைக் கூட எடுத்துக்காம வீட்டுக்குப் போயிடுவாருடா. கூப்பிடறதா இருந்தா மொத ஆளாக் கூப்பிடு. இல்லேன்னா கூப்பிடாதே’ன்னா.”

மாமா கியரை மாற்றினார். பாலத்தின் மேல் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

பத்து வயதில் நான்கு தெரு ஆட்டக்காரர்களின் பெயரும் எனக்கு மனப்பாடம். யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் தெருவில் ஆட்டம் தெரிந்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.