கம்பி மாற்றிய கேசட்

2024 மே 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். கத்திரி வெயில் தொடங்கிப் பதினோராவது நாள். மேகம் மூடியிருந்தது, காற்று இல்லை. விழுப்புரத்தில் இப்படிப் புழுங்கினால் கரண்டு விளையாட்டுக் காட்டும். அன்றைக்கு மூன்று முறை போய் மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை வந்தபோது என் லேப்டாப் வரவில்லை.

அதன் பேட்டரி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நேரே கரண்டில்தான் ஓடும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் திறக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். பதினோரு ஸ்க்ரூ கழற்றினார், பத்துதான் திருப்பிப் போட்டார். கேட்டதற்குப் பத்தே போதும் என்றார். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது, உள்ளே இருந்தது எதுவும் கிடைக்காது என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் வாங்கினார். உண்மையிலேயே செத்ததா, நல்லதை எடுத்துக்கொண்டு செத்ததை வைத்தாரா என்று வீடு வரும்வரை யோசித்தேன். டிஸ்க்கின் எண்ணை முன்னமே குறித்து வைக்காதது என் தப்பு.

அதற்குள் மூன்று வருடமாக நான் எழுதிய விளையாட்டு இருந்தது.

நான் சர்க்கரை ஆலை ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் எடைமேடையில் கணக்கு எழுதியவன். கரும்பு ஏற்றி வருகிறவர் நான் குறைத்து எழுதுவதாகச் சந்தேகப்படுவார். ஆலை நான் கூட்டி எழுதுவதாகச் சந்தேகப்படும். நான் இரண்டு தரப்பையும் சந்தேகப்படுவேன். எடை சரியாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஓய்வு பெற்ற வருடம், மகன் சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடிய வீடியோ கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். கூட ஒரு மஞ்சள் கேசட் இருந்தது. உள்ளே 9999 விளையாட்டு என்று அதன்மேல் அச்சடித்திருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பதினேழு. மற்றவையெல்லாம் அதே பதினேழைப் பெயர் மாற்றியும் நிறம் மாற்றியும் திரும்பத் திரும்பப் போட்டவை. இவ்வளவு துணிச்சலாக யார் ஏமாற்றியிருப்பார்கள் என்று பார்க்கத்தான் கேசட்டைத் திறந்தேன். திறந்தவன் இன்னும் மூடவில்லை. அந்தப் பெட்டி எப்படி யோசிக்கிறது என்று நெட்டில் தேடிப் படித்தேன். பழைய கேசட்டுகளைச் சேர்த்தேன். பிறகு நானே விளையாட்டு எழுத ஆரம்பித்தேன்.

என் விளையாட்டு நம்மூர் ஜங்ஷன். ஒரு சரக்கு ரயில் உள்ளே வரும். அதன் பெட்டிகளைப் பிரித்துச் சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைக்கும் சரியான தண்டவாளத்தில் தள்ள வேண்டும். தண்டவாளம் பிரிகிற பாயிண்டை ஒரு நொடி தாமதமாக மாற்றினால் பெட்டிகள் மோதிக்கொள்ளும். எழுதி முடித்தபோது எனக்கு அறுபத்தேழு வயது. இன்னொன்று எழுத வருடம் மிச்சமிருக்குமா என்று தெரியாது.

இதில் பைத்தியமாக இருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் என்னைச் சேர்த்துப் பதினொரு பேர். போனில் ஒரு குரூப் இருக்கிறது. எங்களுக்குள் காசு புழங்காது. கேசட்டுக்குக் கேசட், பெட்டிக்குப் பெட்டி. கைமாற்றுவதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்க வேண்டும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. ஒருவர் சொந்தமாகச் செய்த கேசட்டை வாங்கியவர் அதை அழிக்கக் கூடாது.

அழிப்பது என்றால், நாங்கள் விளையாட்டை எழுதுகிற சிப்பின் தலையில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினில் எரியும் ஊதா விளக்கின் அடியில் அதை இருபது நிமிடம் வைத்தால் உள்ளே எழுதியதெல்லாம் போய்விடும், புதிதாக எழுதலாம். இந்த சிப்பை இப்போது யாரும் செய்வதில்லை. ஆன்லைனில் வாங்கினால் பாதிக்குப் பாதி போலி. பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புது எண் அச்சடித்து விற்கிறார்கள்.

அதனால்தான் முழு விளையாட்டை ஒரே ஒரு நல்ல சிப்பில்தான் எழுத முடிந்தது. அந்தக் கேசட்டைப் பிப்ரவரியில் திண்டிவனத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்து, பதினான்கு இஞ்சு பழைய டப்பா டிவி ஒன்றை வாங்கிக்கொண்டேன். என்னிடம் இருந்த கேசட்டில் மூன்று திசைகள் மட்டும் ஓடுகிற பழைய பாதி விளையாட்டுதான். நெட்டில் எங்கேயும் ஏற்றி வைக்கவில்லை. ஏற்றினால் நாளைக்கே எவனாவது தன் பெயரைப் போட்டுக்கொள்வான்.

ஆக, லேப்டாப் செத்த அன்று ஐந்து திசைகளும் ஓடும் என் ஜங்ஷன் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. திண்டிவனத்தில்.

அந்த மனிதருக்கு ஐம்பது வயது இருக்கும். முன்பு வீடியோ கேம் ரூம் வைத்து மணிக்கணக்கில் காசு வாங்கியவர், இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார். நல்ல கைதான். ஆனால் தன்னிடம் இருப்பதுதான் மிச்சமிருக்கிற ஒரே ஒன்று என்று அவருக்குத் தெரிந்தால் என்ன கேட்பார் என்று சொல்ல முடியாது. அதனால் சொல்லவில்லை. முதல் தடவை போனபோது, கேசட்டில் சின்னப் பிழை இருக்கிறது, சரிசெய்து தருகிறேன் என்றேன். வீட்டில் இருக்கிறது, அடுத்த வாரம் எடுத்து வைக்கிறேன் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனை, ஏற்கெனவே துடைத்த போனை, மறுபடி துடைத்தார்.

இரண்டாவது தடவை, அவர் இரண்டு வருடமாக என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்த கேசட்டை எடுத்துப்போனேன். அட்டைப்பெட்டியோடு, சீல் பிரிக்காதது. இதை வைத்துக்கொள், என் கேசட்டைக் கொடு என்றேன். அவர் கை நீண்டது. நீண்ட கையை இழுத்துக்கொண்டு, “இன்னொரு நாள் பாத்துக்கலாம் சார்” என்றார்.

சீல் பிரிக்காத கேசட்டை வேண்டாம் என்கிறவன் எங்கள் பதினொரு பேரில் கிடையாது. விற்றுவிட்டாரா? காப்பி போட்டுப் புதுச்சேரிக்கு அனுப்புகிறாரா? பேருந்தில் வரும்போது கண்டக்டர் கொடுத்த சில்லறையைக்கூட எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு யோசனை.

காப்பி போட முடியாது என்பது மட்டும் ஆறுதல். அதற்கு நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். சிப்பிலிருந்து பெட்டிக்குச் செய்தி எட்டுக் கம்பிகளில் போகும். என் கேசட்டுக்குள் சிப் உட்காருகிற போர்டில் அவற்றில் இரண்டு ஜோடியை இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டு, சிப்பிலும் அதே மாதிரி மாற்றி எழுதியிருந்தேன். என் போர்டில் இரண்டு மாற்றலும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும். சிப்பை மட்டும் படித்து வேறு போர்டில் ஓட்டினால் திரையில் குப்பைதான் வரும். ஒவ்வொரு கேசட்டிலும் வேறு வேறு ஜோடியை மாற்றுவேன். எதையும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்தால் யாராவது பார்ப்பார்கள்.

கிருத்திகைக்கு மனைவி மயிலம் முருகன் கோயிலுக்குப் போகவேண்டும் என்றாள். அங்கிருந்து திண்டிவனம் பக்கம்தானே என்று அவளையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனேன். அவர் எங்களை உட்கார வைத்து, கடைப் பையனிடம் குடிக்க இரண்டு கலர் வாங்கிவரச் சொன்னார். நான் மறுபடி பிழையைப் பற்றி ஆரம்பித்தேன். மூன்றாவது தடவையும் அதே பாட்டு. அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, எதுக்கு இந்தச் சுத்து சுத்திக்கினு? தம்பி, இவரு கம்ப்யூட்டரு போயிடுச்சுப்பா. உங்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான் பாக்கி. அதக் குடுத்தீன்னா காப்பி எடுத்துக்கினு திருப்பிக் குடுத்துடுவாரு. வூட்ல ஒரே பேஜாரு, சோறு கூட ஒழுங்கா துன்றதில்ல.”

அவர் பற்றவைக்கிற கோலை ஸ்டாண்டில் வைத்தார்.

“ஒண்ணுதானா சார்? மொதல்லயே ஏன் சொல்லல?”

“சொன்னா நீ வெல ஏத்திடுவியாம்” என்றாள் அவள்.

அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். மார்ச்சில் கண்டமங்கலத்தில் எங்கள் ஆட்கள் ஒருவர் வீட்டில் கூடியபோது, தான் எழுதிய விளையாட்டைக் காட்டுவதாக இவர் குரூப்பில் சொல்லியிருந்தாராம். வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் காட்டில் எலி பிடிக்கிற விளையாட்டு. நானும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அதற்காக வரவழைத்த ஆறு சிப்பும் போலி. மறுநாள் கூட்டம். கையில் இருந்த ஒரே நல்ல சிப் என் கேசட்டுக்குள் இருந்தது.

“உங்ககிட்ட ஒரிஜினல் இருக்குமேன்னு நெனச்சேன் சார். சிப்ப லேப்டாப்புல ரெண்டு தபா படிச்சி, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குதுன்னு பாத்துட்டுதான் வெளக்குல வெச்சேன்.”

நான் கண்டமங்கலத்தில் கைதட்டியது என் சிப்புக்கே.

“அப்பறம் நீங்க கேக்க ஆரம்பிச்சீங்களா. வேற சிப்பு கெடைச்சுது, அதுல எழுதி, உங்க ஸ்டிக்கரையே ஒட்டிக் குடுத்துடலாம்னு பாத்தேன். போட்டா ஒரே குப்ப. நீங்க எனக்குன்னு எதுனா வெச்சி செஞ்சிட்டீங்களோன்னு ஒரு டவுட்டு. யார்கிட்ட கேக்கறது?”

என் ஸ்டிக்கரையே ஒட்டி என்னிடமே தள்ளப் பார்த்திருக்கிறார். நான் சந்தேகப்பட்டது வீண் இல்லை. அதே சமயம் அவர் லேப்டாப்பில் அந்தப் படித்த ஃபைல் இருந்தது. குப்பையாகத் தெரிந்தாலும் அது என் ஜங்ஷன்தான். எந்தக் கம்பிகள் மாறியிருக்கின்றன என்று தெரிந்தால் போதும். பழைய போர்டு எங்கே என்று கேட்டேன். ஏப்ரலில் மற்ற போர்டுகளோடு மூட்டை கட்டிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்.

எந்த இரண்டு ஜோடி என்று எனக்கு நினைவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். பற்றவைத்த நாள் நினைவிருக்கிறது, அன்றைக்குச் சாப்பிட்ட கேப்பைக் கூழ் நினைவிருக்கிறது, கம்பி நினைவில்லை. விஷயத்தை இருவருக்கும் சொன்னேன்.

“பூட்டும் நீங்களே போட்டு, சாவியும் நீங்களே தொலைச்சிருக்கீங்க” என்றாள் மனைவி.

எட்டில் இரண்டு ஜோடியை இருநூற்றுப் பத்து விதமாகத்தான் மாற்ற முடியும். அதை மனதிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். அவரும் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “இங்கயே ஒக்காந்து ஒண்ணொண்ணா போட்டுப் பாத்துடலாம் சார். ஜல்தியா முடிஞ்சிடும்” என்றார்.

முடிந்துவிடும்தான். முடிந்தால் அவர் லேப்டாப்பில், பூட்டு இல்லாமல், என் விளையாட்டு உட்கார்ந்திருக்கும். எத்தனை காப்பி வேண்டுமானாலும் எடுக்கலாம். நான் வெளியே போய்ப் பக்கத்துக் கடையில் முந்நூற்று ஐம்பது ரூபாய்க்குப் புது பென் டிரைவ் வாங்கிவந்து, ஃபைலை இதில் போட்டுக் கொடு, உன்னிடம் இருப்பதை என் கண் முன்னால் அழித்துவிடு என்றேன்.

“காப்பி எடுத்துக்கங்க சார். ஆனா நான் அழிக்க மாட்டேன். ஒரு தபா அழிச்சதே போதும்.”

எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. மனைவி அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். ஃபைல் ஏறிய பென் டிரைவோடு திரும்பி வருகிற பேருந்தில், நாங்கள் இறங்குவதற்குள் அவர் இருநூற்றுப் பத்தில் ஐம்பதையாவது போட்டுப் பார்த்திருப்பார் என்று எனக்குப் பட்டது. மறுநாள் கடை திறந்ததும் போய்ப் பழைய லேப்டாப் ஒன்றைப் பதினோராயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன். ஸ்க்ரூ எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நெட்டோடு இணைக்கவில்லை. போனில் நெட்டை முந்தின நாள் பேருந்திலேயே அணைத்துவிட்டிருந்தேன்.

ஒரு நாள் முழுக்க, கம்பிகளை இருநூற்றுப் பத்து விதமாக மாற்றித் தருகிற சின்ன நிரல் எழுதினேன். அடுத்த நாள், கடையிலேயே ஏற்றி வாங்கியிருந்த, கேம் பெட்டியைப் போலவே ஓடுகிற மென்பொருளில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பெரும்பாலும் கறுப்புத் திரை. சிலவற்றில் கோடுகள். தொண்ணூற்று மூன்றாவதில் ரயில் பெட்டியின் சக்கரம் மாதிரி ஏதோ வந்து உறைந்து நின்றது; அதைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்று அறுபத்தேழில் தலைப்பு வந்தது. பட்டனை அழுத்தினேன். சரக்கு ரயில் உள்ளே வந்தது. சென்னை போனது, திருச்சி போனது, கடலூர் போனது. நான்காவதாகப் புதுச்சேரிப் பெட்டி வளைந்து திரும்பியபோது மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையோடு வந்து நின்று, காட்பாடி வண்டியும் போகிறவரை பார்த்தாள். “இதுக்கா?” என்றாள். ஆனால் போகவில்லை; இன்னொரு ஆட்டம் போடச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் போனில் நெட்டைப் போட்டேன். திண்டிவனத்துக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ஒரு படம்: அவர் கடை டிவியில் என் ஜங்ஷன், ஐந்து திசையும். கீழே, “வந்துடுச்சு சார். ஃபைல் அனுப்பியிருக்கேன். மேடத்துக்கிட்ட சொல்லிடுங்க, சாப்பிடுங்க.” நேரத்தைப் பார்த்தேன். கிருத்திகை அன்று மாலை ஏழு நாற்பது. நாங்கள் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த நேரம்.

அவர் அனுப்பியதையும் என்னுடையதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை. கடையைப் பாதி மூடிவிட்டு இதைச் செய்ததில் அவருக்கு என்ன லாபம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவே போவதில்லை. ஃபைல் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அழி என்று மறுபடி சொல்ல ஆரம்பித்து, டைப் அடித்ததை நீக்கிவிட்டு, “வைத்திரு தம்பி, பத்திரம்” என்று அனுப்பினேன்.

செலவைக் கூட்டியபோது மயிலம் போனதைச் சேர்க்கக் கூடாது, அது முருகன் கணக்கு என்று மனைவி சண்டை பிடித்தாள். சேர்க்கவில்லை. லேப்டாப் கடைக்காரருக்குக் கொடுத்தது, பழைய லேப்டாப், பென் டிரைவ், முதல் இரண்டு தடவை பேருந்துக்கு நூற்று இருபத்தெட்டு. மொத்தம் பன்னிரண்டாயிரத்து நானூற்று எழுபத்தெட்டு ரூபாய்.