கானல் படிக்கிற மகள்

பொருட்களைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் ஆராய்ச்சி செய்கிறாள் என் மகள். இதை அவள் அப்பாவிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. சங்கரன்கோவிலில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார் அவர். அவர் காதில் விழுந்த சேதி சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிடும்.

வாசுதேவநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், கடையில் மோட்டாரை இறக்கிய கையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மலையிலேருந்து பன்னி இறங்கி கடலையைப் பூரா தோண்டிப் போடுது. அது கண்ணுக்கு எங்காடு தெரியாம பண்ண முடியுமாம்மா? அண்ணாச்சி முடியும்னு சொல்லுதாவ."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அந்த அண்ணாச்சியை, என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் காப்பி டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

ஊரெல்லாம் இப்படித் தம்பட்டம் அடிக்கிற மனிதர் ஒரு விஷயத்துக்கு மட்டும் வாய் திறக்கமாட்டார். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. அப்பா சரி என்று சொல்லாமல் போகமாட்டேன் என்று அவள் பிடிவாதம். அந்தப் பேச்சை எடுத்தாலே இவருக்குக் கடையில் அவசர வேலை வந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மக படிக்கித வித்தையை நீங்கல்லா செஞ்சு காட்டுதீய" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அவர் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளே லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். படத்தில், கண்ணாடித் தொட்டித் தண்ணீருக்குள் மெல்லிய கரித்தாள் ஒன்று தொங்கியது. மின்சாரம் கொடுத்ததும் காணாமல் போயிற்று. நிறுத்தியதும் அங்கேயே இருந்தது.

"வெயில்ல ரோட்டுல தண்ணி கெடக்குத மாதிரி தெரியும்லாப்பா, அதேதான். தாள் சூடானா ஒட்டியிருக்க தண்ணியும் சூடாகுது. வெளிச்சம் அங்கன வளைஞ்சு விலகிப் போயிருது. அதான் தாள் தெரியல."

அவர் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்.

"வெளிய காத்துல வச்சா?"

"தண்ணியில வார அளவுக்குக் காத்துல வரலை. அதைத்தான் அங்க போய்ப் பண்ணணும்."

"அப்போ வேலை பாதியில நிக்கா?"

"பாதிகூட ஆகலப்பா."

லேப்டாப்பை மூடினார். "பாதி காயில் சுத்துன மோட்டாரை எவனாவது கடையை விட்டு அனுப்புவானா? போய் முடிச்சுட்டு வா மக்கா" என்றார்.

அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். இதற்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவள் நான். குதித்திருக்க வேண்டும். ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட் பார்க்க உட்கார்ந்ததும் நான் காலண்டரைப் புரட்டத் தொடங்கிவிட்டேன். அனுப்ப மனசில்லாமல் இருந்தது அவர் மட்டும் இல்லை.

"இப்பவே என்ன அவசரம்? நம்மூர் ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்சு போகட்டுமே" என்றேன்.

அப்பாவும் மகளும் ஒரே மாதிரி திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.