சின்னம்மா வைக்காத மருந்து

அண்ணனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விசாரித்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. பெருங்குடலில் கட்டி... வயது நாற்பத்து நாலுதான். பீடி கிடையாது, குடி கிடையாது. அப்புறம் எப்படி?

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஜெனடிக்ஸ் டாக்டரம்மாவுக்கும் அதே கேள்வி. ஒரு தாளை எடுத்து எங்கள் வம்சத்தையே கட்டம் கட்டமாக வரைந்தார்.

"சொந்தத்துல வேற யாருக்காவது வயித்துல கேன்சர்?"

"யாருக்கும் இல்லீங்க மேடம்" என்றான் அண்ணன். நானும் தலையாட்டினேன்.

"சின்ன வயசுல யாராவது செத்துப் போயிருக்காங்களா?"

நைனா லாரி விபத்தில் போனார். அவர் தம்பி, எங்கள் சித்தப்பா... அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அவரு வயித்து நோவுல போனாரு. ஆனா கேன்சர் இல்லீங்க. பொண்டாட்டி சோத்துல மருந்து வெச்சிட்டா."

டாக்டர் சிரித்துவிடுவாரோ என்று கூசிப்போனேன். சிரிக்கவில்லை. "எங்க ஊர்லயும் 'மந்து பெட்டாரு'ன்னுதான் சொல்வாங்க" என்றபடி, அண்ணனுடையதைப் போலவே சித்தப்பாவின் கட்டத்தையும் கருப்படித்தார்.

புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் இடுமருந்து வைப்பது, அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குவது — எங்கள் பக்கம் இதை நம்பாத வீடு குறைவு. சித்தப்பா இளைத்துக்கொண்டே போனபோது, மருந்தெடுக்கிறவரிடம் மூன்று தடவை கூட்டிப்போய் வாந்தியெடுக்க வைத்தோம். ஆஸ்பத்திரி? ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து இருபது வருஷம். நகரி பக்கத்தில் இருக்கும், சித்தப்பாவின் மனைவியான சின்னம்மா வீட்டில் நாங்கள் யாரும் கை நனைத்ததில்லை. ஊருக்கெல்லாம் பகுத்தறிவு எழுதுகிற நானும்தான். காபி நீட்டினால், "இன்னைக்கு விரதம் சின்னம்மா."

ரத்த ரிப்போர்ட் வந்தது. செல்கள் நகலெடுக்கும்போது வரும் பிழையைத் திருத்த ஒரு ஜீன் உண்டாம். எங்கள் வம்சத்தில் அதிலேயே பிழை. இருந்தால் கேன்சர் வந்தே தீரும் என்றில்லை, வாய்ப்பு அதிகம். அண்ணனுக்கு இருக்கிறது. எனக்கு இல்லை. "உங்க சித்தப்பாவுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். அவர் பையனை உடனே டெஸ்டுக்கு வரச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போனேன். பஸ்ஸில் மன்னிப்பை நாலு விதமாக ஒத்திகை பார்த்தேன். திட்டுவாளா, அழுவாளா? எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சின்னம்மா இரண்டும் செய்யவில்லை.

"ரத்தத்துல வர்றதா இது? அப்போ எம் புள்ளைக்கு?"

மகன் நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். இருபத்தெட்டு வயது.

"பாதிக்குப் பாதி, சின்னம்மா. இருந்தாலும் பயமில்ல. அப்பப்போ டியூப் விட்டுப் பாத்துகினே இருந்தா, வர்றதை முன்னாடியே புடிச்சிடலாம்."



"நான் வெச்சதாவே இருந்துட்டுப் போவட்டுமே... எனக்கின்னா, கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சி. அவனுக்கு மட்டும் வாணாம்மா."

வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

செவ்வாய்க்கிழமை சின்னம்மா மகன் ரத்தம் கொடுத்துவிட்டான். ரிப்போர்ட்டுக்கு மூன்று வாரம் ஆகுமாம்.

பழி போட்டவர்கள் நாங்கள்... காத்துக்கொண்டிருப்பது அவள்.